பதினாலு செடிக்கு சலைன்

அக்பர் பாஷாவுக்கு ரவிக்கைத் துணியில் தெரியாதது கிடையாது, குழாயில் தெரிந்தது கிடையாது. தி. நகரில் பனகல் பார்க் பக்கத்து ஜவுளிக்கடை ஒன்றில், மேட்சிங் பிரிவில் முப்பத்தெட்டு வருஷம் நின்றவர். புடவை ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். பிறகு திரும்பாமலேயே பின்னால் இருக்கும் அலமாரிக்குக் கையை நீட்டி, அத்தனை பச்சையிலும் அந்த ஒரு பச்சையை உருவி எடுத்துவிடுவார். அதே மனுஷன் வீட்டுக் குழாய் ஒழுகினால் அதன் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, "வேலுவுக்கு போன் போடணும்" என்று பதினைந்து நாள் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்பேர்ப்பட்டவர் அறுபத்தேழு வயதில் மொட்டைமாடியில் சொட்டுநீர் போடக் கிளம்பினார் என்றால், அதற்கு ஒரே காரணம் அவருடைய மனைவி அஸ்மத்துன்னிசா.

மயிலாப்பூர் பஜார் ரோட்டுக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் வீடு. அதற்கு மேல் மொட்டைமாடி. மாடியில் பதினாலு பூந்தொட்டி. படியேறியதும் முதலில் மருதாணி, அப்புறம் நாலு மல்லி, இரண்டு ரோஜா, செம்பருத்தி, எலுமிச்சை, கறிவேப்பிலை, மிச்சமெல்லாம் புதினாவும் கொத்துமல்லியும். எல்லாம் அஸ்மத் வைத்தவை. தினமும் அஸர் தொழுகை முடிந்ததும் சில்வர் சொம்பை எடுத்துக்கொண்டு மேலே போவாள். மாடிக் குழாயடியில் இருக்கும் அலுமினிய அண்டாவில் மொண்டு, மருதாணியில் தொடங்கி, ஒவ்வொரு செடிக்கும் ஒரு பிஸ்மில்லாஹ் சொல்லி ஊற்றுவாள். பதினெட்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

போன வருஷத்திலிருந்துதான் வழக்கம் தடுமாறியது. முதலில் சாவி தொலைந்தது. அப்புறம் குருமாவில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பேரனுடைய பெயர் ஒரு நாள் முழுக்க வரவில்லை. டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது மறதி நோயின் ஆரம்பம், ஞாபகம் மெதுவாகத்தான் போகும், ஆனால் போனது திரும்பி வராது என்றார். கணவன் மனைவி இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து டீ குடித்தார்கள். அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை.

செடிகள்தான் பேசின. அஸ்மத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழே வருவாள். கீரையை ஆய உட்காருவாள். பத்து நிமிஷம் ஆகும். "ஐயோ, செடிக்குத் தண்ணி ஊத்தலையே!" என்று எழுந்து மறுபடியும் மேலே போவாள். ஒரு சாயங்காலத்தில் நாலு தடவை, ஐந்து தடவை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே நஞ்சு என்றால் மெட்ரோ வாட்டர் எந்த மூலைக்கு? மல்லி இலை மஞ்சளாகி உதிர்ந்தது. ரோஜாத் தொட்டியில் மண் சேறாகி நாற்றம் அடித்தது. மருதாணியின் அடித்தண்டு கறுக்க ஆரம்பித்தது. அஸ்மத் அதைப் பார்த்துவிட்டு, "வெயில்ல வாடுது பாவம்" என்று இன்னும் இரண்டு சொம்பு ஊற்றினாள்.

முதல் தடவை அக்பர் பாஷா சாதாரணமாகத்தான் சொன்னார். "இப்பத்தானே ஊத்திட்டு வந்தே?"

"அப்படியா?" என்று அவள் சிரித்தாள். ஆனால் சொம்பைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. ஆசைப்பட்டு எடுத்த துணியின் விலையைக் கேட்டுவிட்டு, அதைப் பழையபடி மடித்து வைக்கும் பெண்களின் முகத்தை அவர் கடையில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அந்த முகம் தன் வீட்டிலேயே வந்து நிற்கும் என்று நினைத்ததில்லை. அன்றைக்கே முடிவு செய்தார், இனி செத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் உம்மே ஹானி, போனில் சுலபமாக ஒரு வழி சொன்னாள். "மாடிக் கதவைப் பூட்டிடுங்க அப்பா. ரெண்டு நாள்ல அம்மி அதை மறந்துடுவாங்க."

ஒரே ஒரு நாள் பூட்டிப் பார்த்தார். அஸ்மத் சொம்போடு படியேறினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, அவரைக் கூப்பிடவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாத குழந்தை மாதிரி கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறங்கி வந்து சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள். அக்பர் பாஷா சமையல்கட்டில் நின்று அழுதார். பூட்டைக் கழற்றி, சாவியோடு சேர்த்து அரிசி டின்னின் அடியில் புதைத்தார்.

ஆக, அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். செடிகள் சாகக் கூடாது. அவளிடம் 'ஊத்தியாச்சு' என்றும் சொல்லக் கூடாது. கேட்டால் சின்ன விஷயம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் வழியே இல்லாமல் அவர் ஒரு மாசம் தவித்தார்.

வழியைக் காட்டியது ஒரு மயக்கம். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், அஸ்மத் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு ஓடினார். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை என்றார்கள். தமிழ்நிலா என்ற நர்ஸ் ஊசியை ஏற்றி சலைனைத் தொங்கவிட்டுவிட்டு, "ஏன் சார், அம்மா தண்ணியே குடிக்கறதில்லையா?" என்று கேட்டாள்.

"செடிக்கெல்லாம் ஊத்துவா" என்றார் அக்பர் பாஷா. சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. பதினாலு செடிக்கும் அஞ்சு தடவை ஊற்றியவள் தன் வாயில் ஒரு மடக்கு ஊற்ற மறந்திருக்கிறாள். கூடவே இருந்த தானும் அதைக் கவனிக்கவில்லை என்பது அவரை இன்னும் சுட்டது.

அஸ்மத் தூங்கினாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சலைனையே பார்த்தார். ஒரு சொட்டு திரண்டது, விழுந்தது. மூன்று எண்ணுவதற்குள் இன்னொன்று. அரை மணி நேரம் அப்படியே பார்த்தார்.

"ஏம்மா, இது வேகமாப் போகணும்னா, மெதுவாப் போகணும்னா என்ன செய்வீங்க?"

தமிழ்நிலா ட்யூபில் இருந்த குட்டிச் சக்கரத்தைக் காட்டினாள். "இதை உருட்டினா கூடும் குறையும் சார்."

"கரண்டு?"

"கரண்டு எதுக்கு? பாட்டில் மேல இருக்கணும், கை கீழ இருக்கணும். அவ்ளோதான்."

மறுநாள் மருந்துக் கடையில் போய், "சலைன் ட்யூப் செட் பதினாலு குடுங்க" என்றார். கடைக்காரர் பதறிப்போய், "பதினாலா? யாருக்கு பாய்? எல்லாரும் ஒரே வீடா?" என்று கேட்டார்.

"ஒரே வீடுதான். செடிங்க."

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தார்.

அப்புறம்தான் வேலுவுக்கு போன் போனது. வேலு பிளம்பர். அடையாறு ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அவனுக்குத் தெரிந்த குழாய்களெல்லாம் மயிலாப்பூரில்தான் இருக்கின்றன என்று தினமும் பஸ் பிடித்து வந்துவிடுவான். ஐம்பது வயது. பாய் வீட்டுக் குழாய்களின் கழுத்தில் கட்டியிருந்த துணிகளையெல்லாம் அவிழ்த்தவன் அவன்தான்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம்மை மாடியில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார்கள். டிரம்மின் அடியில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் சொருகி, செடிகளை ஒட்டி நெடுக இழுத்தார்கள். அந்தக் குழாயில் பதினாலு இடத்தில் சலைன் ட்யூபின் கூர்முனையைக் குத்த வேண்டும், மறுமுனை செடியின் வேரடியில் கிடக்க வேண்டும். பெரிய குழாய் வேலை வேலுவுக்கு, சின்ன ட்யூபை அளந்து வெட்டுவது அக்பர் பாஷாவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். வெட்டுவது என்றால் அவர் கைக்குக் கேட்கவா வேண்டும்? கடையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூடவே வந்த கத்திரியை எடுத்துக்கொண்டார். ஜாண் போட்டு அளந்து சரக் சரக் என்று வெட்டித் தள்ளினார். வேலு டீ குடித்துவிட்டு வருவதற்குள் பதினாலும் மாட்டி, டிரம்மையும் நிரப்பிவிட்டார்.

சொட்டியது மூன்று. மிச்சம் பதினொன்றும் ஊமையாகக் கிடந்தன. சக்கரத்தை எப்படி உருட்டினாலும் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

வேலு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். "இன்னா பாய் இது? ட்யூபெல்லாம் தூளி கட்னாப்ல தொங்கிக்கினு கீது?"

"அளந்துதான் வெட்டினேன் வேலு. நாலு விரக்கடை கூடவே விட்டேன்."

"கூட இன்னாத்துக்கு?"

"சுருங்கினா?"

வேலு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. "பாய், இது இன்னா காட்டன் துணியா? தொவைச்சிக் காயப்போடப் போறியா? நீ வுட்ட நாலு விரக்கடைதான் இப்டி மேல ஏறி, கீழ எறங்கி வளைஞ்சிக்கினு கீது. ஏர்ற எட்த்துல காத்து குந்திக்கிச்சி. மோட்டார் வெச்சா தள்ளிடும். ரெண்டடி ஒயரத்துல கீற தண்ணிக்கு அந்தக் காத்தைத் தள்ற தெம்பு ஏது?"

அக்பர் பாஷாவுக்கு ரோஷமாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டு வருஷமாக, முதலாளிக்குத் தெரிந்தும் தெரியாமலும், வெட்டிய ஒவ்வொரு துணியிலும் நாலு விரற்கடை கூட விட்டவர். 'உங்ககிட்ட வாங்கினது பத்தலே' என்று ஒரு பெண்ணும் திரும்பி வந்ததில்லை. தாராளமே தப்பாகிப் போகும் ஒரு தொழில் இருக்கும் என்று யார் கண்டார்கள்? ஒவ்வொரு ட்யூபையும் இறுக்கிப் பிடித்து, அந்த நாலு விரற்கடையை மனசே இல்லாமல் வெட்டி எடுத்தார். ஒவ்வொன்றாகச் சொட்ட ஆரம்பித்தது. பதினாலாவது செடியும் சொட்டியபோது, "மாஷா அல்லாஹ்!" என்று அவர் கத்தியதில் பக்கத்து மாடிப் புறாக்கள் பறந்துபோயின.

டிரம் ஒரு தடவை நிரம்பினால் மூன்று நாளைக்கு வரும் என்று வேலு கணக்குச் சொன்னான். மூன்று நாளைக்கு அவளுக்கு வேலையே இல்லை என்று அக்பர் பாஷா சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் அன்று சாயங்காலம் அஸர் வரைக்கும் இருந்தது.

அஸ்மத் சொம்போடு மேலே வந்தாள். செடிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "யா அல்லாஹ், இதுங்களுக்கு என்னங்க ஆச்சு? எல்லாத்துக்கும் ஏத்தி வெச்சிருக்கு?"

"ஒண்ணும் ஆகலே அஸ்மத். இனிமே தண்ணி தானாப் போகும். நீ சிரமப்பட வேணாம்."

அவள் மருதாணி அருகில் குனிந்து அந்த ட்யூபைத் தடவினாள், படுக்கையில் கிடக்கும் நோயாளியின் கையைத் தடவுவது போல. "சரி" என்றாள். பிறகு அண்டாவில் ஒரு சொம்பு மொண்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி மருதாணிக்கு ஊற்றினாள். பதினாலுக்கும் ஊற்றினாள். அன்றைக்கு அஞ்சு தடவை வந்தாள். ட்யூபும் சொட்டியது, சொம்பும் கொட்டியது. வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று செடிகள் நின்றன.

அக்பர் பாஷா இடிந்துபோய் உட்கார்ந்தார். வேலுவின் மேலும் தப்பில்லை, ட்யூபின் மேலும் தப்பில்லை. யோசிக்க யோசிக்கத் தப்பு எங்கே என்று அவருக்குப் புரிந்தது. அவள் கை வேண்டாத ஒரு ஏற்பாட்டைத்தான் அவர் செய்து வைத்திருந்தார். உன் கை வேண்டாம் என்பதும் கதவைப் பூட்டுவதும் ஒன்றுதானே? அன்றைக்குப் பூட்டை அரிசி டின்னில் புதைத்தவர், இன்றைக்கு அதையே பதினாலு ட்யூபாக வாங்கி வந்து மாட்டியிருக்கிறார்.

அடுத்த இரண்டு நாள் நாற்காலி போட்டு மாடி நிழலில் உட்கார்ந்து, அவளை மட்டும் பார்த்தார். எத்தனை தடவை வந்தாலும் கால் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. படியேறியதும் வலது பக்கம், மருதாணிக்கு முன்னால். கையும் அங்கேதான் முதலில் போகிறது. தலைக்கு மறந்துபோனது காலுக்கும் கைக்கும் மறக்கவில்லை. தனக்கு மட்டும் என்ன? பச்சை எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்.

வேலுவைத் திரும்ப வரவழைத்தார்.

"டிரம்மை மருதாணி இருக்கற எடத்துக்கு மாத்தணும். தொட்டி எல்லாத்தையும் அதுக்குப் பின்னால மூலையில நெருக்கி வெச்சுடலாம். கைக்கு எட்டறது டிரம் மட்டும்தான் இருக்கணும். அவ டிரம்முல ஊத்தட்டும்."

"அது ரொம்பிப் போச்சுன்னா?"

"மேல ஒரு ஓட்டை போடு. ரொம்பினது குழாய் வழியா திரும்ப அண்டாவுக்கே வரணும்."

வேலு தலையைச் சொறிந்தான். "இன்னா பாய், வெளாட்றியா? அண்டாலேந்து மொண்டு டிரம்ல ஊத்தறது, டிரம்லேந்து அது அண்டாவுக்கே வர்றது. இப்டியே ஊத்திக்கினே இருந்தா வேலைக்கு முடிவு ஏது?"

"முடிவு வேணாம் வேலு" என்றார் அக்பர் பாஷா.

வேலு அவரைப் பார்த்தான். கீழே சமையல்கட்டிலிருந்து அஸ்மத்தின் குரல் கேட்டது. வேலுவுக்கு டீ வேண்டுமா என்று அரை மணி நேரத்தில் மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "குட்த்தா குடிப்பேன்மா!" என்று மூன்றாவது தடவையாக அவனும் பதில் சொன்னான். பிறகு துளை போடும் மெஷினை எடுத்தான். "ஓட்டை எந்த ஒயரத்துல வோணும், சொல்லு பாய்."

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவள் செடிக்குத்தான் ஊற்றுவாள், டிரம்முக்கு ஏன் ஊற்றப் போகிறாள்? டிரம்மின் மூடியை வெட்டி, காய் கழுவும் ஓட்டைக் கூடை ஒன்றைப் பதித்து, அதில் ஒரு செடியை வைத்துவிட்டால் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இறங்கும். ஆனால் அஞ்சு தடவை, ஏழு தடவை குளித்தாலும் அழுகாத செடி எது? மறுநாள் வேலு ஈர செய்தித்தாளில் எதையோ சுற்றி எடுத்து வந்தான்.

"சொர்ணம் குட்த்தா" என்றான். சொர்ணம் அவன் பெண்சாதி. "எங்க பிளாக்குல கீழ தண்ணி தேங்கற எட்த்துல வெச்சி வளக்கறா. வல்லாரை பாய். எவ்ளோ ஊத்தினாலும் குடிக்கும், அழுவாது. தின்னா ஞாபகத்துக்குக்கூட..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லு வேலு, பரவால்லே" என்றார் அக்பர் பாஷா. "நல்ல செடிதான்."

மண் கரைந்து ட்யூபை அடைக்காமல் இருக்க, கூடைக்குள் காடாத் துணி விரிக்க வேண்டியிருந்தது. அளந்து வெட்டியவர், விளிம்புக்கு மேல் மடித்துக் கட்டுவதற்காக நாலு விரற்கடை கூட விட்டார். வேலு வாயைத் திறக்கும் முன்பே, "இது துணி. இதுக்கு வேணும்" என்று அடக்கினார்.

அன்று சாயங்காலம் அஸ்மத் மேலே வந்தாள். கால் வழக்கமான இடத்தில் நின்றது. எதிரில் இடுப்புக்குச் சற்று மேலே, பச்சைக் காசுகளைக் கொட்டி வைத்த மாதிரி வல்லாரை. சொம்பில் மொண்டாள். பிஸ்மில்லாஹ் சொல்லி ஊற்றினாள்.

"மத்ததுக்கு?" என்று மூலையைப் பார்த்தாள்.

"இதுல ஊத்தினா எல்லாத்துக்கும் போகும். நீ ஊத்தினதுதான் அங்க சொட்டுது, பாரு."

அவள் எட்டிப் பார்த்தாள். மருதாணியின் அடியில் ஒரு சொட்டு விழுந்தது. "அட, ஆமா!" என்று முகம் மலர்ந்தது. இன்னொரு சொம்பு ஊற்றினாள். கீழே போய்விட்டு வந்து இன்னொன்று ஊற்றினாள். டிரம் நிறைந்ததும், மேல் ஓட்டை வழியாகத் தண்ணீர் அண்டாவுக்குள் சளசளவென்று திரும்பி விழுந்தது. செடிகளுக்குப் போனது என்னவோ மூன்று எண்ணுவதற்குள் ஒரு சொட்டுத்தான். அக்பர் பாஷா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பல மாசம் கழித்து முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

கூடவே அவர் ஒரு சின்னத் தந்திரமும் செய்தார். அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு கூஜாவும் இரண்டு தம்ளரும் வைத்தார். அவள் ஊற்ற வரும்போதெல்லாம் அவருக்குத் தாகம் எடுக்கும். "எனக்கு ஒரு தம்ளர் குடு அஸ்மத். நீயும் ஒண்ணு குடி" என்பார். அதனால் வல்லாரைக்கு எத்தனை தடவை தண்ணீர் போனதோ அத்தனை தடவை அவளுக்கும் போனது. அவர்தான் பாவம், ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடந்தார்.

ஆனி பிறந்தது. மல்லியில் புதுத் துளிர் வந்தது. ஒரு ரோஜாவைக் காப்பாற்ற முடியவில்லை, மற்றது பிழைத்தது. மருதாணி மட்டும் வீம்பு பிடித்தது போலக் கொஞ்ச நாள் மொட்டையாக நின்றுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கணுவுக்குக் கணு பச்சை விட்டிருந்தது. அஸ்மத் உம்மே ஹானிக்கு போன் போட்டு அதைச் சொன்னாள். ஒரே காலையில் நாலு தடவை போட்டுச் சொன்னாள். மகள் நாலு தடவையும், "அப்படியா அம்மி!" என்று முதல் தடவை கேட்பது போலவே கேட்டாள். அப்பாவிடமிருந்து அவள் அதைக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் கடற்காற்று நன்றாக வீசியது. அஸ்மத் இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ வல்லாரைக்கு ஊற்றினாள். அண்டாவில் சளசளவென்று சத்தம் வந்தது. சொம்பைக் கையில் பிடித்தபடியே அந்தக் குழாயைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். திரும்பவும் அண்டாவைப் பார்த்தாள்.

"ஏங்க, ஊத்தற தண்ணி திரும்பி இதுக்கே வருதே."

அக்பர் பாஷா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா" என்றார்.

"நான் எத்தனை தடவ ஊத்தினாலும்?"

"ஆமா அஸ்மத்."

அவள் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சொம்பை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப நான் நெறைய தடவ வரேன். இல்லே?"

"மாடியில நல்ல காத்து. வந்தா என்ன இப்ப?"

"மழுப்பாதீங்க. எத்தனை தடவன்னு எனக்குத் தெரியாது. ஆனா வரேன்னு தெரியும்." அவள் குரலில் அழுகை இல்லை, வீட்டு விஷயம் பேசுவது போலத்தான் பேசினாள். "கீழ போனதும் வயித்துல ஒரு பயம் வந்துடும்ங்க, ஊத்தினோமா இல்லையான்னு. ரெண்டு தடவ ஊத்திட்டா செடி எப்படியாவது பொழைச்சுக்கும். ஒரு தடவகூட ஊத்தலேன்னா செத்துடுமே?"

"என்னைக் கேட்டிருக்கலாமே?"

"ஒரு நாள் நீங்க 'இப்பத்தானே ஊத்தினே'ன்னீங்க. சொல்லிட்டு உங்க முகம் வாடிப்போச்சு. அது மட்டும் எனக்கு மறக்கவே மாட்டேங்குது. அந்த முகத்தைத் திரும்பப் பாக்க வேணாம்னுதான் கேக்கறதில்லே. வந்து ஊத்திட்டுப் போயிடறது."

அக்பர் பாஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் முகம் வாடியதென்று அவர் வாயைக் கட்டிக்கொண்டார். அவர் முகம் வாடியதென்று அவளும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். நடுவில் பதினாலு செடிகள் மூழ்கிக்கொண்டிருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அதைப் பார்க்காத மாதிரி டிரம்மையே பார்த்தாள்.

"இது ஒரு தடவ ரொம்பினா எத்தனை நாள் போகும்?"

"மூணு நாள்."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப நாலாவது நாள் நீங்க ஞாபகம் வெச்சுக்கணும். நான் மேல வராமப் போனா."

"வருவே அஸ்மத்."

"வராமப் போனா."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சொம்பின் ஈரம் அதில் இன்னும் காயவில்லை. "வெச்சுக்கறேன்" என்றார்.

"அப்ப சரி" என்றாள். அப்புறம் அவரைப் பார்த்து, "பிஸ்மில்லாஹ் சொல்லி ஊத்தணும். நீங்க அதை மறந்துடுவீங்க" என்று அதட்டினாள். அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

கபாலி கோயில் பக்கமிருந்து நாகஸ்வரம் லேசாகக் கேட்டது. பக்கத்து மாடியில் யாரோ துணி எடுத்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் அஸ்மத் மடியிலிருந்த சொம்பைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் பழைய கலவரம் வந்திருந்தது. ஆனால் இந்தத் தடவை எழுந்து ஓடாமல் அவரிடமே கேட்டாள்.

"ஏங்க, செடிக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

அக்பர் பாஷா அவள் தோளைத் தொட்டு, மூலையில் இருந்த மருதாணியைக் காட்டினார்.

"போய்க்கிட்டே இருக்கு அஸ்மத். அங்க பாரு."

அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ட்யூபின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு மண்ணில் விழுந்தது. இன்னொன்று திரண்டது.

"ஆமா, போகுது" என்றாள். சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, அவர் நீட்டிய தம்ளரை வாங்கிக் குடித்தாள்.